இடைக்கால நார்வேயின் படை வலிமை



ஐரோப்பாவின் படத்தை விரித்து வடமேற்கு மூலையைப் பார்த்தீர்களானால், கடலை ஒட்டி நீண்டு கிடக்கும் ஒரு மலைநாடு தெரியும். அதுவே நார்வே. அதன் கரை நேர்கோடாக இல்லை. கடல்நீர் மலைகளைப் பிளந்துகொண்டு பல கல் தொலைவு உள்ளே புகுந்திருக்கிறது. இந்த நீண்ட கடற்கால்களை அந்நாட்டு மக்கள் ஃபியோர்டு என்பர். மலையும் பாறையும் காடும் போக, உழுது பயிரிடத்தக்க நிலம் இன்றுகூட நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. கி.பி. 1300ஆம் ஆண்டளவில் அங்கு வாழ்ந்த மக்களின் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியிருக்காது என்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர்.

இவ்வளவு சிறிய, ஏழை நாடு 13ஆம் நூற்றாண்டில் எவ்வளவு பரப்பை ஆண்டது தெரியுமா? ஷெட்லாந்து, ஆர்க்னித் தீவுகள், மேற்கே ஸ்காத்லாந்தின் கரையோரமுள்ள ஹெப்ரிடீஸ் தீவுகள், அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் இடையே மான் தீவு, நடுக்கடலில் ஃபாரோ தீவுகள், அதற்கப்பால் ஐஸ்லாந்து, அதற்கும் அப்பால் பனி மூடிய கிரீன்லாந்து. இத்தனையும் பெர்கன் நகரத்திலே வீற்றிருந்த ஒரு மன்னனுடைய ஆணைக்கு உட்பட்டிருந்தன. பெருஞ்செல்வம் இல்லை; பெருந்திரளான மக்கள் இல்லை; கூலிக்குப் படை திரட்டப் பொன்னும் இல்லை. அப்படியிருக்க இந்த வலிமை எங்கிருந்து வந்தது? பின்னர் அது எப்படிக் குன்றியது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

வைக்கிங்குகள் என்றதும், கொம்பு முளைத்த தலைக்கவசம் அணிந்து கோடரியோடு பாய்ந்து வரும் முரடர்களே பலருடைய நினைவுக்கு வருவர். அந்தக் கொம்புகள் பிற்காலத்து ஓவியர்களும் நாடகமேடையினரும் சூட்டியவை. வைக்கிங் காலத்துக் கவசம் எதிலும் அவை காணப்படவில்லை. கொள்ளையடிக்கச் சென்ற கூட்டங்கள் இருந்தது உண்மையே. ஆனால் கொள்ளைக் கூட்டம் வேறு, ஓர் அரசின் படை வேறு. நான் இன்று சொல்லப்போவது அந்த அரசுப் படையைப் பற்றியே.

முதலில் கப்பலைப் பார்ப்போம். நார்வே என்ற பெயருக்கே 'வடக்கு வழி' என்று பொருள். அந்த வழி கடல்வழிதான். மலைகளுக்கிடையே சாலை அமைப்பது அரிது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குத் திருமணத்துக்குச் செல்வதாயினும், சந்தைக்குச் செல்வதாயினும், வழக்கு மன்றத்துக்குச் செல்வதாயினும் படகிலே ஏற வேண்டும். ஆகவே துடுப்புப் பிடிக்கத் தெரியாத ஆண்மகனை அந்தக் கரையில் காண்பது அரிதாயிருந்தது. வேறு நாட்டு அரசர்கள் கடற்படை வேண்டுமானால் மாலுமிகளைத் தேடிப் பழக்க வேண்டியிருந்தது. நார்வே அரசனுக்கோ அவனுடைய உழவர்களே பிறவி மாலுமிகள்.

1880ஆம் ஆண்டில் நார்வேயின் தென்பகுதியிலுள்ள கோக்ஸ்டாட் என்ற இடத்தில் ஒரு பழைய மேட்டைத் தோண்டினார்கள். அதன் உள்ளே, இறந்த தலைவன் ஒருவனுக்குக் கல்லறையாக அமைந்த ஒரு முழுக் கப்பல் கிடைத்தது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓக்கு மரத்தால் கட்டப்பட்ட கப்பல் அது. நீளம் 23 மீட்டருக்கு மேல். அகலம் சுமார் 5 மீட்டர். பக்கத்துக்குப் பதினாறாக 32 துடுப்புகள். பக்கப் பலகைகள் ஓர் அங்குல கனமே உடையவை. ஒரு பலகையின் விளிம்பு மற்றொன்றின்மீது ஏறி நிற்கும்படி வைத்து, இரும்பு ஆணிகளால் இறுக்கி, இடைவெளியில் கீலில் தோய்த்த மயிர்க் கயிற்றைத் திணித்திருந்தார்கள். இப்படிக் கட்டிய கப்பல் அலையோடு போரிடாமல், அலைக்கு ஏற்றவாறு சற்றே வளைந்து கொடுக்கும். ஒரு மீட்டர் ஆழமுள்ள நீர் இருந்தாலே அது மிதக்கும். ஆகவே துறைமுகம் அதற்குத் தேவையில்லை. மணற்கரை எதிலும் ஏற்றலாம், ஆற்றிலும் செலுத்தலாம், வேண்டுமானால் நிலத்தின்மேலும் இழுத்துச் செல்லலாம்.

இந்தக் கப்பல் உண்மையிலேயே பெருங்கடலைத் தாண்டுமா என்று ஐயுற்றவர்கள் இருந்தார்கள். 1893ஆம் ஆண்டில் மாக்னஸ் ஆண்டர்சன் என்ற நார்வே மாலுமி இதே அளவில் மற்றொரு கப்பலைக் கட்டுவித்து, பெர்கனிலிருந்து புறப்பட்டு 28 நாளில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நியூஃபவுண்ட்லாந்தை அடைந்தார். ஐயத்துக்கு விடை கிடைத்துவிட்டது.

ஆனால் நல்ல கப்பல் இருந்தால் மட்டும் போதாது. நூற்றுக்கணக்கான கப்பல்களை யார் கட்டுவது? யார் பழுது பார்ப்பது? அவற்றில் ஏறும் ஆயிரக்கணக்கான வீரருக்கு யார் சோறு போடுவது? நார்வே அரசர்கள் இதற்குக் கண்ட வழிதான் இன்றைய பேச்சின் மையம். அதன் பெயர் லெய்டாங். 'கப்பல் படைக்கு ஊர்கள் செலுத்தும் கடமை' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். நம் நாட்டில் ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்களே, அதுபோல அங்கே ஊர் கூடிக் கப்பல் கட்டியது.

கடற்கரை முழுவதும் சிறுசிறு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு வட்டமும் ஒரு போர்க்கப்பலுக்குப் பொறுப்பு. மரம் வெட்டிக் கப்பலைக் கட்டுவதும், கரையில் கொட்டகை அமைத்து அதனைக் காப்பதும், கீல் பூசுவதும், பழுதானால் புதிது கட்டுவதும் அந்த வட்டத்து உழவர்களின் கடமை. கம்பளி நூலால் நெய்த பாய் விலையுயர்ந்தது. மழையில் நனைந்து மக்கிவிடாதபடி அதனை ஊர்க் கோயிலிலே பாதுகாத்து வைப்பதும் உண்டு. கப்பலின் தலைவனை மன்னன் நியமிப்பான். அவனுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்றே பெயர். துடுப்பு ஒன்றுக்கு ஓர் ஆள் வீதம் வீரர்களை ஊரே தரவேண்டும். வீட்டுக்கு ஒருவர் என்பதில்லை. பல வீடுகள் சேர்ந்து ஒரு வீரனை அனுப்பும்; எஞ்சியவர்கள் அவனுக்கு உணவு தரவேண்டும். இரண்டு மாதத்துக்குத் தேவையான மாவும் வெண்ணெயும் கப்பலில் ஏற்றுவது விதி.

ஆயுதமோ? அதுவும் அவரவர் பொறுப்பே. ஈட்டி, கேடயம், இவற்றோடு வாள் அல்லது கோடரி, ஆகிய மூன்றும் ஒவ்வொரு சுதந்தர மனிதனிடமும் இருக்கவேண்டும். துடுப்பு வலிப்போர் அமரும் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு வில் வேண்டும். இவை இருக்கின்றனவா என்று பார்ப்பதற்காக மக்கள் கூடும் ஆயுத மன்றம் ஒன்றும் உண்டு. ஆயுதம் இல்லாதவன் தண்டம் செலுத்த வேண்டும்.

மேற்கு நார்வேயின் கூலத்திங் என்ற மக்கள் மன்றத்துக்குரிய பழைய சட்டநூலில், எந்தெந்த மாவட்டம் எத்தனை கப்பல், எத்தனை இருக்கையுள்ள கப்பல் தரவேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. மொத்தம் ஏறத்தாழ 300 கப்பல்கள். எல்லாவற்றிலும் முழு எண்ணிக்கையில் ஆட்கள் ஏறினால் பன்னிரண்டாயிரம் பேருக்குக் குறையாது. ஐந்து இலட்சத்துக்கும் குறைந்த மக்கட் கூட்டத்தில் இது எவ்வளவு பெரிய பங்கு என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டை முதலில் வகுத்தவன் 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட நல்லவன் ஹாகன் என்ற மன்னன் என்று மரபு கூறுகிறது. இவன் கடற்கரை மலைமுடிகளில் விறகுக் குவியல்களை அடுக்கி வைத்தான். பகைவர் கப்பல் தெரிந்ததும் ஒரு முடியில் தீ மூட்ட வேண்டும். அதைக் கண்டு அடுத்த முடியிலும், பின்னர் அதற்கடுத்த முடியிலும் தீ எழும். தென்கோடியில் மூட்டிய தீயின் செய்தி ஏழு இரவுகளில் வடக்கே ஹாலகாலாந்துக்கு எட்டிவிடும் என்பர். இதனோடு 'போர் அம்பு' என்ற வழக்கமும் இருந்தது. ஓர் அம்பை வீடு வீடாகக் கொண்டு செல்வார்கள். அது வந்த வீட்டுக்காரன் அதை அடுத்த வீட்டுக்குச் சேர்த்துவிட்டு, தானும் ஆயுதம் எடுத்துக்கொண்டு புறப்பட வேண்டும்.

இந்தத் தீக்குவியல்களைப் பற்றிய ஒரு செய்தி எனக்கு மிகவும் சிந்தனைக்குரியதாகத் தோன்றுகிறது. சில்லறைக் கொள்ளையர் இரண்டொரு படகில் வந்தபோதெல்லாம் காவலர்கள் தீ மூட்டிவிட்டார்கள். நாடு முழுவதும் படை திரண்டது. வந்து பார்த்தால் பகையே இல்லை. வேலை கெட்டு, உணவும் வீணாயிற்று. சினமுற்ற மன்னன், காரணமின்றித் தீ மூட்டுவோருக்குக் கடுந்தண்டனை விதித்தான். அதன் விளைவு என்ன தெரியுமா? அவனுடைய தமையன் எரிக்கின் புதல்வர்கள் பெரும்படையோடு உண்மையாகவே வந்தபோது, காவலர்கள் தண்டனைக்கு அஞ்சித் தீ மூட்டாமல் இருந்துவிட்டார்கள். பகைவர் மிக அருகில் வந்த பின்னரே மன்னனுக்குச் செய்தி எட்டியது. சிறந்த ஏற்பாடும் அதனை இயக்கும் சாதாரண மனிதனுடைய அச்சத்தையும் துணிவையும் பொறுத்தே பயன் தரும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஹாகன் 961ஆம் ஆண்டளவில் மறைந்தான். இச்செய்தியை விரிவாக எழுதியவர் ஸ்நோரி ஸ்டர்லூசன் என்ற ஐஸ்லாந்துப் புலவர். அவர் எழுதியது 1230ஆம் ஆண்டளவில். இடையே ஏறத்தாழ 270 ஆண்டுகள் கழிந்துவிட்டன. கூலத்திங் சட்டத்தின் முழுமையான ஏடும் 13ஆம் நூற்றாண்டினதே. ஆகவே ஹாகன் காலத்திலேயே இவ்வளவு ஒழுங்கான அமைப்பு இருந்ததா, அன்றி மெல்ல மெல்ல வளர்ந்து 12ஆம் நூற்றாண்டில் நிறைவெய்தியதா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தொடக்கம் எதுவாயினும், வளர்ந்த நிலையில் அமைப்பு எப்படி இயங்கியது என்பதைச் சட்டநூல்கள் தெளிவாகவே காட்டுகின்றன.

ஊர்ப்படை ஒருபுறம் இருக்க, மன்னனுக்கென்று தனிப்படையும் இருந்தது. அதற்கு ஹிர்டு என்று பெயர். அதில் சேருவது ஒரு சடங்கு. மன்னன் தன் மடிமீது வாளை வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பான். புதிதாகச் சேருபவன் மண்டியிட்டு, அந்த வாளின் பிடியைத் தொட்டு உறுதி கூறுவான். அன்று முதல் அவன் மன்னனுடைய ஆள். மன்னன் விழுந்த களத்திலிருந்து உயிரோடு திரும்புவது அவனுக்கு இழுக்கு. 1270ஆம் ஆண்டுகளில் இந்தப் படைக்கென்றே ஒரு சட்டநூல் தொகுக்கப்பட்டது. அதே நூற்றாண்டின் நடுவில் 'மன்னர் கண்ணாடி' என்ற நூலும் எழுந்தது. தந்தையும் மகனும் உரையாடும் முறையில் அமைந்த அந்நூல், கடல் வாணிகம் முதல் அரசவை ஒழுக்கம் வரை பலவற்றை இளைஞனுக்குக் கற்பிக்கிறது. கப்பற்போருக்கு எந்த ஈட்டி ஏற்றது, எந்த உடை வேண்டும், நிலக்கரியும் கந்தகமும் எப்படிப் பயன்படும் என்பனவும் அதில் உள்ளன. போர் அக்காலத்து இளைஞனுக்குக் கல்வியின் ஒரு பகுதியாகவே இருந்தது.

கடற்போர் எப்படி நடந்தது? பீரங்கி இல்லாத காலம். கப்பல்களைப் பக்கத்தில் பக்கமாக நிறுத்திக் கயிற்றால் பிணைப்பார்கள். அப்போது அது கடலில் மிதக்கும் ஒரு கோட்டையாகிவிடும். முதலில் அம்பு, நெருங்கியதும் கல்லும் ஈட்டியும், பிறகு பகைவர் கப்பலில் ஏறி வாளாலும் கோடரியாலும் போர். ஒரு கப்பலில் உள்ளவரை ஒழித்துவிட்டு அதன் கயிற்றை அறுத்து விலக்கி, அடுத்த கப்பலுக்குச் செல்வார்கள். பக்கச்சுவர் உயர்ந்த கப்பலுக்கு இதில் பெரும் நன்மை. மேலிருந்து கீழே தாக்கலாம் அல்லவா? ஆதலால் மன்னர்கள் மேன்மேலும் பெரிய கப்பல்களைக் கட்டினர். 1000ஆம் ஆண்டில் ஸ்வோல்டர் போரில் வீழ்ந்த மன்னன் ஓலாவ் டிரிக்வாசனுடைய 'நீண்ட நாகம்' என்ற கப்பலில் 34 வரிசைத் துடுப்புகள் இருந்தன என்று கதைகள் கூறும்.

ஆனால் அளவும் எண்ணிக்கையும் மட்டும் வெற்றி தருவதில்லை. 1130 முதல் 1240 வரை நார்வேயில் அரசுரிமைக்காக உள்நாட்டுப் போர் மூண்டு மூண்டு அடங்கியது. அதில் ஒரு கட்சிக்குத் தலைவன் ஸ்வெர்ரே. மற்றொரு கட்சிக்கு மன்னன் மாக்னஸ் எர்லிங்சன். 1184ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் நாள் சோக்னா ஃபியோர்டில் ஃபிம்ரெய்ட்டே என்ற இடத்தில் இருவரும் எதிர்ப்பட்டனர். மாக்னஸிடம் 26 கப்பல்கள், ஸ்வெர்ரேயிடம் 14. ஆனால் மாக்னஸின் கப்பல்கள் ஒன்றோடொன்று பிணைந்து அசைய முடியாமல் நின்றன. ஸ்வெர்ரேயின் வீரர்கள் ஒரு பக்கத்துக் கப்பலில் தம் முழு வலிமையையும் செலுத்தி அதனைக் கைப்பற்றினர். அங்கிருந்தவர்கள் அடுத்த கப்பலுக்குத் தாவினர். அதுவும் தாக்கப்படவே இன்னும் பலர் அதற்கடுத்ததற்குத் தாவினர். பாரம் தாங்காமல் கப்பல்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. மன்னன் மாக்னஸும் நீரில் மூழ்கி மாண்டான். மாண்டவர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் என்று ஸ்வெர்ரேயின் வரலாற்று நூல் கூறுகிறது. அந்நூலின் முற்பகுதியை எழுதிய துறவி கார்ல் யோன்சன், மன்னன் ஸ்வெர்ரேயே அருகிலிருந்து கூறியபடி எழுதினார் என்பதையும் நாம் மறக்கலாகாது. வென்றவன் சொல்லி எழுதிய கணக்கு அது.

இனி, இந்தப் படையின் எல்லை எது என்பதைப் பார்ப்போம். 1066ஆம் ஆண்டு. கடும் ஆட்சியாளன் என்று பெயர் பெற்ற ஹரால்டு நார்வேயை ஆண்டான். இளமையில் கான்ஸ்டாண்டிநோபிளில் கிழக்கு ரோமப் பேரரசரின் காவற்படையில் பணியாற்றிப் போர் பயின்றவன் இவன். இங்கிலாந்தின் அரசுரிமை தனக்கே என்று சொல்லி, நாட்டின் ஊர்ப்படையில் பாதியைத் திரட்டிக் கொண்டு கடல் கடந்தான். சுமார் 300 கப்பல்கள் சென்றன என்பர். செப்டம்பர் 20ஆம் நாள் ஃபுல்ஃபோர்டில் வெற்றி. ஐந்தே நாளில், செப்டம்பர் 25ஆம் நாள், ஸ்டாம்ஃபோர்டு பாலத்தருகே இங்கிலாந்து மன்னன் விரைந்து வந்து திடீரெனத் தாக்கினான். ஹரால்டு களத்தில் மாண்டான். எஞ்சியவர்கள் தாயகம் திரும்ப 24 கப்பல்களே போதுமாயிருந்தன என்று ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேடு குறிப்பிடுகிறது.

இந்த எண்ணைச் சற்று நின்று நினைக்கவேண்டும். திரும்பாத கப்பல் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஊரின் கப்பல். அதில் சென்றவர்கள் கூலிப்படையினர் அல்லர், உழவர்கள். அந்த ஆண்டு அறுவடைக்கும் அடுத்த ஆண்டு உழவுக்கும் அந்த ஊரில் ஆள் ஏது? தாய்நாட்டைக் காக்கும்போது இந்தப் படையில் ஒவ்வொருவனும் தன் வீட்டுக்காகவே போரிட்டான். மன்னனுடைய பெருவிருப்பத்துக்காகக் கடல் கடந்தபோது அதே படை ஊரையே விலையாகக் கொடுத்தது.

இரண்டு நூற்றாண்டுகள் கழித்து, நார்வேயின் வலிமை உச்சத்தில் இருந்தபோது ஆண்டவன் ஸ்வெர்ரேயின் பேரன் நான்காம் ஹாகன். 1217இல் பதின்மூன்று வயதுச் சிறுவனாக அரியணை ஏறி, உள்நாட்டுப் போரை முடித்து, பெர்கனில் கல்லால் பெருமண்டபம் எழுப்பியவன். அம்மண்டபம் இன்றும் ஹாகன் மண்டபம் என்ற பெயரோடு நிற்கிறது. 1261இல் கிரீன்லாந்தும், 1262 முதல் 1264 வரையில் ஐஸ்லாந்தும் நார்வே அரசை ஏற்றன. வியப்பு என்னவென்றால், இவ்விரண்டையும் பெறுவதற்குப் போர்க்கப்பல் ஒன்றுகூட அனுப்பப்படவில்லை. மரமும் தானியமும் குறைந்த ஐஸ்லாந்துக்குச் சரக்குக் கப்பல்கள் வந்து செல்லும் என்று ஒப்பந்தத்தில் வாக்களிக்கப்பட்டது. உணவைக் கொண்டுவரும் கப்பலுக்கும் ஆட்சியைக் கொண்டுவரும் ஆற்றல் உண்டு.

ஹெப்ரிடீஸ் தீவுகளின் நிலை வேறு. ஸ்காத்லாந்தின் இளம் மன்னன் மூன்றாம் அலெக்சாந்தர் அவற்றை விலைக்குக் கேட்டான், ஹாகன் மறுத்தான். 1262இல் ஸ்கை தீவு தாக்கப்பட்டது. மறு ஆண்டு ஜூலையில் ஹாகன் தானே பெர்கனிலிருந்து புறப்பட்டான். குறைந்தது 120 கப்பல்கள் சென்றன என்று அவன் வரலாறு கூறுகிறது. மன்னனுடைய கப்பல் முழுவதும் ஓக்கு மரத்தாலானது. அதன் முகப்பில் பொன் பூசிய நாகத் தலை. வழியில் ஆர்க்னித் தீவில் தங்கியிருந்தபோது கதிரவன் மறைந்து, சுற்றிலும் ஓர் ஒளி வளையம் மட்டும் தெரிந்தது என்று அந்நூல் குறிக்கிறது. 1263 ஆகஸ்டு 5ஆம் நாள் அங்கே வளையக் கிரகணம் நேர்ந்தது என்பதைப் பிற்கால வானியல் கணக்கு உறுதி செய்திருக்கிறது. அந்நூலை எழுதிய ஸ்டர்லா தோர்டர்சன் தம் செய்திகளை எவ்வளவு கவனமாகத் திரட்டினார் என்பதற்கு இதுவே சான்று.

கப்பற்படை தீவுகளைச் சுற்றி வந்து கிளைடு முகத்துவாரத்தை அடைந்தது. ஒரு பிரிவினர் நீண்ட கடற்கால் ஒன்றின் முடிவுவரை சென்று, கப்பல்களைக் கரையேற்றி, ஒரு குறுகிய நிலத்தின்மேல் இழுத்துச் சென்று லோமண்டு ஏரியில் இறக்கினார்கள். கடலே எட்டாத உள்நாட்டு ஏரித் தீவுகளில் நார்வேக் கப்பல்களைக் கண்ட ஸ்காத்து மக்கள் திகைத்துப் போனார்கள்.

ஆனால் ஸ்காத்து மன்னன் போருக்கு விரையவில்லை. தூது அனுப்பினான், பேச்சை நீட்டினான். நாள்கள் கழிந்தன. கோடை முடிந்தது, இலையுதிர் காலக் காற்று எழுந்தது. கப்பலிலிருந்த உணவு குறைந்தது. செப்டம்பர் இறுதியில் பெரும்புயல் வீசிச் சில கப்பல்களைக் கரையில் ஒதுக்கியது. அக்டோபர் 2ஆம் நாள் லார்க்ஸ் என்ற கடற்கரையில், ஒதுங்கிய கப்பல்களின் பொருள்களை மீட்க இறங்கிய நார்வே வீரருக்கும் ஸ்காத்துப் படைக்கும் மோதல் நடந்தது. இரு தரப்பும் தாமே வென்றதாகக் கூறின. உண்மையில் அது பெரும்போர் அன்று. தீர்ப்பு வழங்கியது காலம். குளிரும் பசியும் அதற்குத் துணை நின்றன. வீரர் பலர் ஊர் திரும்ப விடைபெற்றனர். ஹாகன் ஆர்க்னிக்குத் திரும்பி, கிர்க்வாலில் ஆயர் மாளிகையில் குளிர்காலத்தைக் கழிக்கத் தங்கினான். அங்கே நோயுற்றான். படுக்கையில் இருந்தபடி முதலில் இலத்தீன் நூல்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டான். அவற்றைப் புரிந்துகொள்ள உழைக்கும் வலிமை குறைந்ததும், தன் தாய்மொழியில் அடியார் வரலாறுகளையும், பின் தன் முன்னோரான மன்னர்களின் வரலாறுகளையும் படிக்கச் சொன்னான். பாட்டன் ஸ்வெர்ரேயின் கதை முடியும் தறுவாயில் அவன் உயிரும் முடிந்தது. அது 1263 டிசம்பர் நடுப்பகுதி.

அவன் மகன் மாக்னஸ் 1266இல் பெர்த் நகரில் உடன்படிக்கை செய்தான். மான் தீவும் ஹெப்ரிடீஸும் 4000 மார்க்கு வெள்ளிக்கும், ஆண்டுக்கு 100 மார்க்கு கட்டணத்துக்கும் ஸ்காத்லாந்துக்குத் தரப்பட்டன. தந்தை விற்க மறுத்ததை மகன் விற்றான். இதனைக் கோழைத்தனம் என்று நான் கருதவில்லை. ஒவ்வொரு கோடையிலும் தன் உழவர்களை ஐந்நூறு கல் அப்பால் அனுப்பி அத்தீவுகளைக் காக்க இயலாது என்பதை அவன் கணக்கிட்டு அறிந்தான். 1274இல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வகுத்துச் 'சட்டம் திருத்திய மாக்னஸ்' என்று பெயர் பெற்றவன் அவனே.

அதற்குள் லெய்டாங் என்ற கடமையும் உருமாறிவிட்டது. போரில்லாத ஆண்டுகளில் கப்பலுக்கு ஏற்றும் மாவையும் வெண்ணெயையும் மன்னனுக்கு வரியாகச் செலுத்துவது வழக்கமாயிற்று. உழவனுக்கு இது எளிது, மன்னனுக்கும் வருவாய். ஆனால் வரி செலுத்துபவன் மெல்ல மெல்லத் துடுப்பையும் வில்லையும் மறந்தான். கொட்டகைகளில் கப்பல்கள் மக்கின. படையாக இருந்த மக்கள் வரி செலுத்தும் குடிகளாக மாறினர்.

இந்த வேளையில் கடலும் மாறிக்கொண்டிருந்தது. ஜெர்மானிய வணிக நகரங்கள் காக் என்ற புதுவகைக் கப்பலைக் கட்டின. அகன்ற வயிறும் உயர்ந்த சுவரும் உடைய அக்கப்பல் விரைவாகச் செல்லாது. ஆனால் பெருஞ்சுமை ஏற்றும், சில ஆட்களே போதும். தாழ்ந்த நார்வேக் கப்பலிலிருந்து அதன் மேல் ஏறுவது கோட்டை மதிலில் ஏறுவதற்கு ஒப்பாகும். நார்வே தன் உலர்ந்த மீனை விற்று, அந்நகரங்களிலிருந்து தானியம் வாங்கி உண்டது. 1284இல் பூசல் மூண்டபோது லூபெக்கும் அதன் தோழமை நகரங்களும் நார்வேக்குத் தானியமும் மாவும் செல்லாதபடி தடுத்தன. மறு ஆண்டே நார்வே பணிந்து, கால்மர் நகரில் உடன்படிக்கை செய்துகொண்டு இழப்பீடும் செலுத்த வேண்டியதாயிற்று. முந்நூறு கப்பல்களின் நாட்டை, வாள் எடுக்காமல், தானியப் பானையை மூடியே பணிய வைத்துவிட்டனர் வணிகர்.

இறுதி அடி 1349இல் விழுந்தது. அவ்வாண்டு பெர்கன் துறைமுகத்தில் கொள்ளைநோய் இறங்கியது. மக்களில் பாதிப்பேர் அல்லது அதற்கு மேலும் மாண்டனர். ஊர்கள் பாழாயின. கப்பல் கட்ட ஆளில்லை. வரி கொடுக்கவும் ஆளில்லை. ஏற்கெனவே 1319 முதல் சுவீடனோடு ஒரே மன்னனின் கீழ் இருந்த நார்வே, 1380இல் டென்மார்க்கோடு இணைந்து, 1397இல் கால்மர் கூட்டரசில் அடங்கியது. 1468, 1469 ஆண்டுகளில் டென்மார்க்கு-நார்வே மன்னன் தன் மகளின் திருமணச் சீதனத்துக்காக ஆர்க்னியையும் ஷெட்லாந்தையும் ஸ்காத்லாந்துக்கு அடகு வைத்தான். அடகு மீட்கப்படவே இல்லை.

நேயர்களே, தொடக்கத்தில் எழுப்பிய இரு கேள்விகளுக்கும் இப்போது ஒரே விடை கிடைக்கிறது. நார்வே மன்னரின் வலிமை வந்தது, மரம் வெட்டிய, கம்பளி நெய்த, வெண்ணெய் எடுத்த, துடுப்பு வலித்த சாதாரண மக்களிடமிருந்து. அந்த வலிமையின் எல்லையும் அவர்களே. மக்கள் தம் கரையைக் காக்கத் தாமே புறப்பட்ட வரையில் அந்நாட்டை எவரும் எளிதில் அணுக முடியவில்லை. அவர்களுடைய உழவுக்காலத்தையும் உணவுக்கலத்தையும் மறந்து மன்னர் கடல் கடந்தபோதெல்லாம் வெற்றியும் தோல்விபோலவே முடிந்தது.

வரலாற்று நூலில் இனி நீங்கள் 'இன்ன மன்னன் இத்தனை கப்பலோடு படையெடுத்தான்' என்ற வரியைப் படிக்கும்போது, அந்தக் கப்பல்களை யார் கட்டினார்கள், அவற்றில் ஏற்றிய மாவு எந்த வீட்டு மாவு, திரும்பி வராதவனுடைய வயலை அவ்வாண்டு யார் உழுதார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். ஒரு நாட்டின் படை வலிமையை அளக்க அக்கேள்விகளே உங்களுக்கு உதவும்.